இழுத்தால் இரண்டு, தள்ளினால் நான்கு

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் ஏதோ இருக்கிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, கப்பல் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்று முதலில் எழுது.

போன வாரம் போனில் நீ கத்தியதில் எனக்குக் 'கியர்' என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்த காது. அந்தப் பக்கம் உன் தூர்வாரும் கப்பல் வேறு மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தது. எப்படியும் படம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். கடிதமே மேல்.

நம் வண்டி தவளையைப் பற்றித்தான். பெட்டி பெட்டியாக வந்த கார் பாகங்களை நீயும் நானும் மூன்று வருஷம் ஷெட்டில் உட்கார்ந்து கோத்து, உன் பழைய பைக்கின் என்ஜினைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டினோம். கட்டியது நாம் இரண்டு பேர், ஓட்டுவது உன் அக்கா ஒருத்தி. போன அக்டோபர் மலைச்சாலைப் போட்டியில் நடந்ததை உனக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஏழாவது வளைவு வரைக்கும் அவள் நேரம்தான் எல்லோரையும்விடக் குறைவு. வளைவை விட்டு வெளியே வந்து, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக லீவரை இழுத்தாள். இரண்டும் இல்லாமல் மூன்றும் இல்லாமல் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. என்ஜின் மட்டும் ஊளையிட்டது. கடைசிக்கு முந்தின இடம். நேரம் குறிக்கிற ஆள் பக்கத்தில் இருந்தவனிடம், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்ல" என்றான். எனக்கே கேட்டதென்றால் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பான் பார்த்துக்கொள்.

அவளோ இருபது டன் இரும்பைத் தூக்கி, கீழே நிற்கிறவன் தொப்பி அசையாமல் இறக்குகிற கிரேன்காரி. கைதான் அவள் பெருமை. வருகிற அக்டோபரில் ஒரே ஒரு தடவை, மூன்றாவது கியர் தவறாமல் மேலே போய்ச் சேர வேண்டும் என்கிறாள். கல்யாணம் ஆன நாளாக என்னிடம் அவள் கேட்டது மொத்தமே நாலைந்துதான், இது ஒன்று.

லீவரின் தலையை முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இழுத்த பிறகுதான் என்ஜின் பக்கம் ஏதோ அசைகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். எங்கே ஆட்டம், எதை மாற்ற வேண்டும் என்று எழுது. எனக்கு இப்போது வேலையில் இரண்டு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் செய்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தான்

அடியில் அக்கா: டேய், ஒழுங்கா சாப்பிடுறியா? எனக்கு மூணாவது கியர் வேணும். அது நீ வச்ச ராடுதான், ஞாபகம் இருக்கட்டும்.


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

தம்பி எழுதிக்கொள்வது. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, நான்தான் அதோடு பழகிவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? தபால் படகு பதினைந்து நாளுக்கு ஒரு தரம்தான் வருகிறது, அதனால் தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம்.

அத்தான், கண்ணால் பார்த்தால் ஆட்டம் தெரியாது. பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். என்ஜினின் கியர் தண்டில் மாட்டியிருக்கிற ஆர்மை ஒருவர் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் லீவரை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆர்ம் அசையாதபோது வேறு எது அசைகிறதோ அதெல்லாம் திருட்டு. முதலில் லீவரையும் ஆர்மையும் இணைக்கிற ராடின் இரண்டு முனை மூட்டுகள், பிறகு லீவரைத் தாங்குகிற பிராக்கெட், கடைசியாக ராடு. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தால் கண்ணைவிட நன்றாகத் தெரியும்.

அக்கா சொல்வது சரிதான், ராடு நான் வைத்ததுதான். சீட்டுக்கு அடியில் குறுக்கே போகிற பீமைத் தாண்ட அதை இரண்டு இடத்தில் வளைத்தேன். இங்கே வேலைக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. அவசரத்தில் செய்த வேலை அப்படித்தான் பல் இளிக்கும்.

ஆறு மாதத்தில் வருகிறேன் என்றவனை இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். இருக்கிறேன். வேறு என்ன செய்ய?

இருவர் சுகத்தையும் கேட்கும்
தம்பி


மார்ச் 24

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு ஒத்தடம் நடக்கிறது, பலன் முழங்காலுக்கே தெரியவில்லை.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். அவள் சீட்டில் உட்கார்ந்தாள், நான் அடியில் படுத்தேன். இந்த வீட்டில் அது வழக்கம்தானே. "இப்ப?" "இப்ப?" என்று அவள் மேலிருந்து கேட்டதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் காலால் தரையைத் தட்டினாள், நான் ஸ்பேனரால் தகட்டைத் தட்டினேன். அப்படியே இரண்டு மணி நேரம் பேசினோம். வாய்விட்டு இவ்வளவு ஒற்றுமையாகப் பேசியதாக ஞாபகம் இல்லை.

முனை மூட்டுகள் இரண்டும் தேய்ந்து கிழம் ஆகிவிட்டன. புதிது போட்டேன். பிராக்கெட் மெல்லிய தகடு; லீவரை இழுத்தால் அதுவும் கூடவே வணங்கியது. ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி, போல்ட்டின் இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்கும்படி செய்தேன். முப்பத்தெட்டு இப்போது பதினேழு. இன்னும் மிச்சம் இருப்பது முழுக்க உன் ராடு. தள்ளினால் வளைவுகள் இரண்டும் வில் மாதிரி குழைகின்றன. இதற்கு ஒரு வழி சொல்.

வேலையில் ஆளைக் குறைத்து மெஷினைக் கூட்டுகிறார்கள். சனி, ஞாயிறு கூடக் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறேன். போன வாரம் சாப்பிடும்போதே தூங்கினேனாம்.

அன்புடன்,
அத்தான்

அடியில் அக்கா: தூங்கினது நிஜம். தட்டை எடுத்துட்டு தலகாணிய வச்சேன், தெரியவே இல்ல. கியர் பாதி தேவலாம். மீதியையும் குடு.


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அத்தான் கொஞ்சம் படுத்துத் தூங்க வேண்டும்.

கப்பலில் எங்கே பார்த்தாலும் மணல். பேரிங்கில் மணல், படுக்கையில் மணல், பல்லில் மணல். ஒரு பம்பைக் கழற்றி மாட்டுவதற்குள் அடுத்தது அழுகிறது. ஆனாலும் நேற்று டெக்கில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் ராடுக்கு வழி கிடைத்துவிட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது, அத்தான்.

ஆர்ம் இப்போது கியர் தண்டிலிருந்து மேலே நிமிர்ந்து நிற்கிறது. அதை எட்டத்தான் ராடு பீமின் மேல் ஏறி இறங்குகிறது. ஆர்மைக் கழற்றி, தலைகீழாகத் தொங்கும்படி மாட்டுங்கள். அப்போது ராடு பீமுக்கு அடியில் ஒரே நேர்கோடாகப் போய்விடும். கம்பி வேண்டாம், கெட்டியான குழாய் போடுங்கள். லீவர் நடுவில் நிற்கும்போது ஆர்மும் ராடும் மூலைமட்டம் வைத்த மாதிரி செங்கோணமாக நிற்க வேண்டும். தண்டில் பற்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பல்லாக நகர்த்தி வைத்துப் பார்க்கலாம். படம் பின்பக்கத்தில் போட்டிருக்கிறேன். வேறு எதையும் தொட வேண்டாம்.

அக்கா, மூன்றாவது கியர் படத்தோடு வருகிறது.

தம்பி


மே 8

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் கேட்க நேரமில்லை, மன்னியுங்கள். என் போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். பம்பு கழற்றிக்கொண்டிருந்தபோது சுரீரென்று உறைத்தது.

ஆர்மைத் தலைகீழாகப் போட்டால் கியரின் திசையும் தலைகீழாகிவிடும். இதுவரை இழுத்தால் ஒரு கியர் மேலே, தள்ளினால் ஒன்று கீழே. இனிமேல் தள்ளினால்தான் மேலே, இழுத்தால் கீழே. அக்கா மூன்றில் வேகமாகப் போகும்போது பழைய ஞாபகத்தில் இழுத்தால் நான்கு வராது, இரண்டு விழும். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். லீவரின் அச்சுக்குக் கீழே ராடைக் கோத்தால் பழைய திசை திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே தரைக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளிதான், ஒரு கல் போதும். ஆகவே திசை மாறியே இருக்கட்டும். ஆனால் அக்கா உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

கப்பல் முகத்துவாரத்துக்கு நகர்ந்துவிட்டது. இங்கே போன் எடுப்பதில்லை. காற்று பலமாக இருப்பதால் தபால் படகும் வரவில்லை. எப்போது இது உங்கள் கைக்கு வருமோ தெரியாது. எழுதி வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 17, சனிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் காணோம். இடுப்பு எப்படி?

இன்றைக்கு லீவு கிடைத்தது. காலையிலிருந்து ஷெட்டில்தான். ஆர்மைத் தொங்கவிட்டு, நேர்க் குழாயைப் போட்டு, பல் பல்லாக நகர்த்தி மூலைமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டர் கழுதை தேய்ந்து நாலு மில்லிமீட்டர் கட்டெறும்பாகிவிட்டது! ஸ்டாண்டில் வைத்து என்ஜினை ஓட்டி, ஒன்றிலிருந்து ஆறு வரை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 'டக்' என்று விழுகிறது. எனக்குக் கேட்காது, கையில் தெரிகிறது. மச்சான், உன் தலை தலைதான்.

ஒரே ஒரு வேடிக்கை, திசை மாறிப்போயிற்று. தள்ளினால் மேலே, இழுத்தால் கீழே. முதலில் திகைத்தேன், பிறகு சிரித்துவிட்டேன். அவள் சாயங்கால ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு அதிகாலை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கிறது.

அவள் வீட்டில் இல்லாததால் அடியில் அவள் வரி இல்லை. தபால் எடுக்கிற நேரம், போட்டுவிட்டு வந்து கொஞ்சம் உட்காரப் போகிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 30

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். மே எட்டாம் தேதி போட்ட உன் கடிதம் இந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தது. படித்தேன். விவரம் தெரிந்துகொண்டேன்.

இங்கே வேலை அதிகம். வெயிலும் அதிகம். அக்கா சுகமாக இருக்கிறாள், எழுத நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


ஜூலை 26

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் மே கடிதத்தை ஐந்து தடவை படித்தேன், ஜூன் கடிதத்தைப் பத்து தடவை. பத்து தடவை படித்தும் அதில் ஒன்றும் இல்லை.

நாலு மில்லிமீட்டருக்கு நட்சத்திரம் பிடித்தவர் மாதிரி எழுதிய மனிதர், அடுத்த கடிதத்தில் வெயில் அதிகம் என்று எழுதினால் நான் என்ன நினைப்பது? வண்டி ஓடுகிறதா? மூன்றாவது கியர் விழுகிறதா? அதை விடுங்கள். என் அக்கா எனக்கு ஒரு வரி எழுத நேரமில்லாதவள் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட 'டேய், செத்துடல' என்று எழுதினவள்.

என் மேல் கோபமா? போன் எடுக்கும் இடத்துக்கு இந்த மாதம் ஒரு நாள் போனேன். அக்கா எடுத்தாள். "நல்லாருக்கேன்டா, அடுப்புல வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் அத்தான். இங்கே இருந்துகொண்டு கற்பனை செய்வதைவிட மோசமாக எதுவும் இருக்காது.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள மச்சானுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் எழுதப் போவதைப் படித்த பிறகும்.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தவளையை எடுத்துக்கொண்டு மலைச்சாலைக்குப் பழகப் போனாள். அடிவாரத்து நீளமான நேர்ப்பாதையில் மூன்றிலிருந்து நான்குக்குப் போக லீவரை இழுத்தாள். நீ எழுதினாயே, அப்படியே நடந்தது. இரண்டு விழுந்து, பின்சக்கரம் பூட்டி, வண்டி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஓரத்துச் சுவரில் இடித்தது. ஸ்டீயரிங் திருகியதில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் கிரேன் ஏற விடவில்லை. கீழே கருவி அறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறாள்.

நான் அவளிடம் சொல்லவில்லை, மச்சான். உனக்குக் கடிதம் போட்டுவிட்டு ஷெட்டில் நாற்காலியில் உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். அவள் வந்ததும் தெரியாது. காலை ஐந்தரைக்கு எழுந்து, அவள் தூங்குகிறாளே என்று எழுப்பாமல் வேலைக்குப் போய்விட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் தூங்கினேன். உனக்கு எழுதத் தெரிந்தது, கட்டினவளிடம் சொல்லத் தெரியவில்லை.

அவள் இதுவரை என்னை ஒரு சொல் கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை. காது கேட்காதவனை எதற்குத் திட்டுவது என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

வண்டியை விற்றுவிடப் போகிறேன். முன்பக்கம் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் வாரம் ஒருவர் பார்க்க வருகிறார். உனக்கும் அதில் பங்கு உண்டு, உன் சம்மதம் வேண்டும்.

அத்தான்


செப்டம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். விரல் மடங்குகிறதா, பிடிக்க முடிகிறதா?

தப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 'வேறு எதையும் தொட வேண்டாம்' என்று எழுதியவன் நான். படத்தில் அம்புக்குறிகூடப் போட்டேன், எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை. பதினெட்டு நாள் கழித்து யோசித்தேன். கண்ணைக் கெடுத்த பிறகு சூரிய நமஸ்காரம். நீங்கள் களைப்பில் தூங்கினீர்கள். நான் விழித்துக்கொண்டே செய்தேன்.

விற்றுவிடுங்கள். எனக்குச் சம்மதம். என்ஜினையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதைத் திரும்பப் பார்க்க எனக்கு முகமில்லை. அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை.

தம்பி


அக்டோபர் 12

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலமென்று சொன்னால் பாதிதான் உண்மை. மணிக்கட்டு நலம். விரல் ஐந்தும் மடங்குகிறது, இதோ எழுதுகிறது பார். ஜூனில் எழுத முடியவில்லை என்பது நிஜம். ஆகஸ்டில் எழுத முடிந்தது என்பதும் நிஜம். உன் இடுப்பைப் பற்றி அப்புறம் கேட்கிறேன்.

உங்கள் இரண்டு பேர் கடிதங்களையும் நேற்றுத்தான் வரிசையாக வைத்துப் படித்தேன். அவர் தன் கடிதங்களுக்கு நகல் எடுத்து, உன்னுடையதோடு சேர்த்து அலமாரியில் கட்டி வைத்திருந்தார். தப்பு என்னுது என்று அவர், இல்லை என்னுது என்று நீ. பந்திக்கு முந்துகிற மாதிரி முந்தியிருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் ஒருத்தருக்கும் என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும்.

கிரேன் ஏறினால் எங்களுக்கு முதல் வேலை என்ன? கொக்கியில் சுமை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு லீவரையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்ப்பது. முந்தின ஷிஃப்ட்டில் எவன் எதைக் கழற்றி மாட்டினானோ யாருக்குத் தெரியும். பதினாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் செய்கிறேன். அந்தச் சனிக்கிழமை வந்து பார்த்தால் இவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார், மடியில் மூலைமட்டம். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, அடியில் புதுக் குழாய் மின்னுகிறது. சும்மா இருப்பேனா? சீட்டில் ஏறி என்ஜினைப் போட்டேன். அந்தச் சத்தத்திலும் அவர் அசையவில்லை. முதல் இழுப்பிலேயே திசை மாறியிருப்பது தெரிந்துவிட்டது. இழுத்தால் இரண்டு, தள்ளினால் நான்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நாற்பது தடவை போட்டுப் பழகினேன். அவர் காலையில் சொல்ல வருவார், 'அது எனக்கு நேத்தே தெரியும்'னு ஒரு போடு போடலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மலைச்சாலையில் அரை மணி நேரம் சரியாகத்தான் ஓட்டினேன். மூன்றாவது கியர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த நேர்ப்பாதையில் எதிரே ஒரு லாரி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். தெரிந்த கை, பழகிய பக்கம் போய்விட்டது. உன் படம் இழுக்கவில்லை, அவர் தூக்கம் இழுக்கவில்லை. நான் இழுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லாம விட்டுட்டேன்டி, சொல்லாம விட்டுட்டேன்"னு அழுதார். எனக்கு அப்போது வலி. பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் எங்கள் மேஸ்திரி பார்க்க வந்தார். "ஒங்க மேல தப்பில்லம்மா, வீட்டுக்காரர் சொன்னாரு. ஒங்க கையோட நிதானம் யாருக்கும் தெரியாததா"ன்னார். அவர் முன்னால் என்ன சொல்வேன்? திசை தெரிஞ்சிருந்தும் தப்பான பக்கம் இழுத்தேன் என்று ஒரு கிரேன்காரி சொன்னால், அதற்கப்புறம் யார் தலைக்கு மேல் இருபது டன்னைத் தூக்க விடுவார்கள்? அன்றைக்கு வாயை மூடினேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. உன் அத்தான் இளைத்துக்கொண்டே வந்தார். என் தட்டை அவர் கழுவினார், என் தலையை அவர் வாரினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கேவலம் என்று எனக்கே தெரிகிறது தம்பி, நீ எழுத வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கிற ஆள் வந்தார். "நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க?" என்று சும்மாதான் கேட்டார். இவர், முன்னே பின்னே தெரியாத அந்த மனிதரிடம், "நான் எம் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தேங்க"ன்னு சொன்னார். சாதாரணமாக, மணி கேட்டவனுக்கு மணி சொல்கிற மாதிரி சொன்னார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. விற்கவில்லை என்று சொல்லி ஆளை அனுப்பிவிட்டேன்.

வாயால் சொல்வதென்றால் அவருக்குக் கத்த வேண்டும், தெருவே கேட்கும். கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கேட்கவில்லையா, நம்பவில்லையா, தெரியாது. கேட்டுவிட்டு, "அஞ்சு மாசம் நான் தூங்கலடி" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற மனுஷன்.

அன்றிலிருந்து பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். வேலைக்குப் போகிறார், வருகிறார். மேஸ்திரியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், இன்னும் சொல்லவில்லை. இந்த வருஷப் போட்டிக்கு நான் பெயர் கொடுக்கவில்லை. அந்த ராடை யாரும் தொட வேண்டாம், அதில் ஒரு குறையும் இல்லை. திருத்த வேண்டியது வேறு.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடாதே. அவருக்கு எழுது. அவர் மேல் தப்பே இல்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இனிமேல் அவர் எதையும் நம்புவாரா, எனக்குத் தெரியவில்லை.

அக்கா